தோய்க்காத வேட்டியும் இரண்டு பூனைகளும்

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை அடுக்களைப் பின்வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் கருவாட்டு டப்பாவுடன், மூக்கால் உன் குரலை எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "வாங்கோஓஓ... ஆறிண்டிருக்கு!" பாத்திரம் தேய்க்க வந்த சரோஜா சொம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னா சார் நீ! செத்துப் போன மனுசன் குரல்ல கூவிக்கினு கீற? எனக்கு நெஞ்சே அட்ச்சுக்குது!"

"பூனைகளைக் கூப்பிடறேன். என் குரலுக்கு வராதுகள்" என்றேன், கருவாட்டோடு பிடிபட்ட ஐம்பது வயதுக்காரனுக்கு மிச்சமிருந்த கம்பீரத்துடன்.

அந்த வாடை இன்னும் விரலில் இருக்கிறது. அந்த விரலால்தான் உனக்கு எழுதுகிறேன். மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, வெங்காயமே யோசித்துத்தான் உள்ளே வரும் வீட்டில், கருவாடு வைத்திருப்பவனாக என்னை ஆக்கிவிட்டுப் போனவன் நீ. அதை மன்னித்துவிட்டேன். மற்றதை இல்லை.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் மாம்பழக் கூடையைச் சணலால் கட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய். ஆபீஸில் எத்தனையோ வருஷம் என் பக்கத்து மேஜை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அபிராமபுரத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தவன். உன் கையில் கூடையைப் பார்த்ததும் பழம் என்று நினைத்தேன். உள்ளே நாலு கண்கள்.

"ராயப்பேட்டைல ஒரு பழைய பங்களாவை இடிச்சுட்டாடா. அங்க இருந்த பூனைகள். குட்டின்னா யாராவது எடுத்துப்பா, இதுகளை யார் சீந்தறா? உன்னோடது கீழ்வீடு, கொல்லை வேற இருக்கு. ஒரு மாசம் வெச்சுக்கோ, அப்பறம் பார்த்துக்கலாம்."

"என்ன சாப்பிடும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"சுத்த சைவம் மன்னி! தயிர் சாதம் போட்டா போறும்."

கண்ணிமைக்காமல் சொன்னாய். அவள் நம்பினாள், நான் நம்பினேன். பூனைகள்தான் நம்பவில்லை.

கூடைக்குள் விரித்திருந்த உன் பழைய வேட்டியை என் மனைவி விரல்நுனியால் தூக்கிக்கொண்டு போய், சோப்புப் போட்டு, அலசி, நீலம் முக்கிக் கொடியில் உலர்த்தினாள். மடி ஆசாரம் உள்ள வீட்டில் வேறெப்படி நடக்கும்? பூனைகளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே தெரிந்த வாசனையை நாங்கள் சாக்கடையில் விட்டுவிட்டோம் என்பது அப்போது தெரியாது. இரண்டும் சாமான் அறை பீரோவுக்கு அடியில் போனவைதான். தயிர் சாதம் காய்ந்தது. நான் தரையில் உட்கார்ந்து, நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளை உரக்கப் படித்துக் காட்டினேன். காது கிழிந்த சாம்பல் பூனை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. இதற்கு முன் வாசகர்கள் தபாலில் செய்ததை அது நேரில் செய்தது, அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம் ஃபோன் செய்வாய். "வெளில வந்துதுகளா? ஏதாவது சாப்பிட்டுதுகளா?" இல்லை என்றால் அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. லைன் கோளாறு என்று ரிசீவரைத் தட்டுவேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் இருவர் வந்திருந்தார்கள். நீ இல்லாத இடத்தில் நான் உன்னைப் போல் பேசிக் காட்டுவது உனக்குத் தெரியாததா? வீட்டுக்கு வந்தவர்களை நீ காப்பிக்குக் கூப்பிடும் அழகைச் செய்து காட்டினேன். "வாங்கோஓஓ... ஆறிண்டிருக்கு!"

பீரோவுக்கு அடியிலிருந்து இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. என் காலில் உரசின. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தன. பிறகு என் முதுகுக்குப் பின்னால் போய்த் தேடின. சாம்பல் பூனை வாசற்படிவரை போய், தெருவைப் பார்த்து ஒருமுறை கத்தியது. யாரும் சிரிக்கவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு உன் மூன்று மாடியும் ஏறினேன், வாய் நிறைய வசவுடன்.

"அதுகள் உன் பூனைகள்டா!"

"ஆமாம்."

"ராயப்பேட்டை பங்களா?"

"நிஜம்தான். இடிச்சுக் கொஞ்ச வருஷமாச்சு. யாராவது வந்தா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கும், அதான் நீ பார்த்ததில்லை."

அப்போதுதான் பார்த்தேன். கட்டி வைத்த பெட்டி, அதன்மேல் எக்ஸ்ரே கவர். உன் சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடமிருந்தது. டயட் என்று சொல்லி வைத்திருந்தாய்.

"நாளன்னிக்கு அட்மிட் ஆறேன். திரும்பி வருவேன்னு டாக்டர் சொல்லலை."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

வாட்ச்மேன், பால்காரர், எதிர் ஃப்ளாட் மாமி என்று அடுக்கினாய். கடைசியில் தயங்கி, "மன்னிக்கும் தெரியும்" என்றாய்.

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"உன்கிட்ட சொன்னா, நான் அட்மிட் ஆறதுக்குள்ள குளத்தைச் சுத்தி எனக்குப் பதிமூணாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும். ஒவ்வொருத்தரா ஆரஞ்சுப் பையைத் தூக்கிண்டு வந்துடுவா."

இந்தத் தெருவில் யார் வீட்டுப் பெண் யாரோடு ஓடப் போகிறாள் என்பது, அவள் செருப்பு மாட்டும் முன்பே எனக்குத் தெரியும். உன் விஷயம் மட்டும் தெரியாது. பால்காரருக்குத் தெரியும்.

நான் கிளம்பும்போது, நீ கட்டியிருந்த வேட்டியை மாற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தாய். "மன்னியைத் தோய்க்க விடாதே. இதுல படுத்துண்டா சாப்பிடும். கருவாடும் வாங்கு. சைவம்னு சொல்லலேன்னா மன்னி வாசல்லயே நிறுத்தியிருப்பா."

வீட்டுக்கு வந்து அவளிடம் கத்தினேன். "சத்தியம் வாங்கிண்டார்" என்றாள்.

"பூனை சைவம் இல்லைங்கறதும் தெரியுமா?"

"அது தெரியாது" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அன்றே சரோஜா கருவாடு வாங்கி வந்தாள். வேட்டியில் படுத்து இரண்டும் சாப்பிட்டன. ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னேன். "ரெண்டுமா?" என்றாய். "ரெண்டும்தான்." நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். இத்தனை வருஷ சிநேகிதன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. ரகசியத்துக்கு லாயக்கில்லாதவனிடம் பூனைகளை மட்டும் நம்பிக் கொடுத்தாயே, அது எந்தக் கணக்கு? இன்றைக்கும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

அந்த வேட்டி சாமான் அறையில் பழுப்பேறிக் கிடக்கிறது. சரோஜா ஒருமுறை எடுத்துத் தோய்க்கப் போக, "அதைத் தொடாதே!" என்று என் மனைவி போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. உன் நோயைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசவில்லை. நம்பமாட்டாய்.

சரோஜாவிடம் சொல்லாத ஒன்று உண்டு. டப்பாவின் மூடியைத் திருகும் சத்தத்துக்கே இரண்டும் வந்துவிடுகின்றன. நான் மூக்கால் கூப்பிட ஆரம்பிக்கும்போது அவை என் காலடியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.