படிக்காமல் போட்ட கையெழுத்து

ஞாயிறு, 7ஆம் தேதி

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். சென்ற இரண்டு கடிதத்திலும் இதைச் சொன்னேன். மறுபடியும் சொல்லத்தான் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்.

நீ சுகமா? கவச உடைக்குள் உன்னைப் போன்ற நர்சுகளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது என்று கீழ் வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டு வருகிறார். போனில் பேசினால் போதாதா என்கிறாய். போனில் பேசியது பேசியதோடு போய்விடும். இதை நீ மடித்து வைத்துக்கொள்ளலாம்.

பெரிய செய்தி. நாளை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நேற்று எங்களை வரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். சம்மதக் கடிதமாம். குமாஸ்தா என் தலையைப் பார்த்ததுமே ரேகை வைக்க மை டப்பாவை நகர்த்தினார். "பேனா குடுங்க சார்" என்றேன். மெதுவாகத்தான் போட்டேன். பின்னால் நின்ற ஒருவன், "என்ன பெரியவரே, சொத்தையா எழுதி வைக்கிறீங்க?" என்றான். "இருப்பா, இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன்னை இதே பள்ளியில் சேர்த்த அன்று ரேகை வைத்துவிட்டு, விரலைத் துடைக்கத் துணி இல்லாமல் சுவரில் துடைத்தேன். அந்தச் சுவரைப் பூசியதே நான்தான்.

உன் மகள் கட்டெறும்புக்குப் போனில் ஒரு வருஷம் பாடம் நடந்தது. அவளோ டீச்சர் குரல் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்தான் ஒன்றாம் வகுப்பு பாஸ். நாளையிலிருந்து அவளும் படிக்கட்டும். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

உன் அப்பா


செவ்வாய், 9ஆம் தேதி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் சிரித்தேன். படித்து முடித்ததும் உடனே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அது என் பிள்ளை அப்பா. அவள் அப்பா கப்பலில் மாட்டிக்கொண்டு கரைக்கு வர முடியாமல் கிடக்கிறார். நான் இங்கே விடுதியில் கிடக்கிறேன். எதற்காக? நோய் உங்கள் இருவரையும் தொட்டுவிடக் கூடாது என்றுதானே நான்கு மாதமாக வீட்டு வாசல் மிதிக்காமல் இருக்கிறேன்? நீங்கள் ஒரு கையெழுத்தில் கதவைத் திறந்துவிட்டீர்களே.

முப்பது வருஷம் சிமெண்ட் தூசி தின்ற நெஞ்சு உங்களுடையது. அப்படிப்பட்டவர்களை நான் இங்கே தினமும் பார்க்கிறேன். என்ன பார்க்கிறேன் என்று எழுத மாட்டேன்.

அந்தத் தாளை முழுக்கப் படித்துவிட்டா போட்டீர்கள்? நாளையே பிள்ளையை நிறுத்துங்கள்.

உங்கள் மகள்


வியாழன், 11ஆம் தேதி

என் மகளுக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: படிக்கவில்லை. கோடு போட்டிருந்த இடம் மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

நகல் ஒன்று கொடுத்திருந்தார்கள். திங்கள் மாலை எடுத்து உட்கார்ந்தேன். செங்கல் வைப்பது போல ஒவ்வொரு எழுத்தாகத்தான் எனக்கு வரும், உனக்குத் தெரியும். திங்கள் ஒரு பத்தி. செவ்வாய் ஒரு பத்தி. அது வரைக்கும் முகக்கவசம், தண்ணீர் பாட்டில், இப்படித்தான் இருந்தது. புதன் மாலை மூன்றாவது பத்திக்கு வந்தேன். "எங்கள் வீட்டில் முதியவர்களோ நுரையீரல் நோய் உள்ளவர்களோ இல்லை என்று உறுதி கூறுகிறேன்."

மறுபடி படித்தேன். எழுத்துக்கூட்டியதில் தப்போ என்று மூன்றாம் முறையும் படித்தேன். தப்பில்லை. வீட்டில் கிழவன் இல்லை என்று கிழவனே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குமாஸ்தாவும் என் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த வரி, தொற்று வந்தால் நிர்வாகம் பொறுப்பில்லை என்பது. கீழே என் பெயர், சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக.

அதற்குள் மூன்று நாள் போய் வந்துவிட்டாள். உன் கடிதமும் நேற்று இரவுச் சாப்பாட்டு வேளைக்குத்தான் கைக்கு வந்தது. இன்று அவளை நிறுத்திவிட்டேன். வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்று அழுதாள். "என் பெஞ்ச் காலியா இருக்கும் தாத்தா, டீச்சர் தேடுவாங்க" என்றாள். ஒரு பெஞ்சுக்கு ஒரு பிள்ளையாம். வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துச் சூடு பார்க்கிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்ததும் என் கையை நசுக்கிவிட்டாள். மூன்றாம் நாள் தானே நெற்றியைக் காட்டினாள்.

நீ திட்டி ஒரு கடிதம் போடு. திட்டாமல் இருக்காதே.

அப்பா


சனி, 13ஆம் தேதி

மகளே,

பதறாதே என்று எழுத நினைத்தேன். எனக்கே பதறும்போது அதை எப்படி எழுதுவது?

அவள் டீச்சருக்கு நோய் உறுதியாகிவிட்டதாம். பள்ளியைப் பதினான்கு நாள் மூடிவிட்டார்கள். நேற்றிலிருந்து கட்டெறும்புக்குக் காய்ச்சல். இன்று காலை இருவரும் பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விட்டு மாதிரி கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு திங்களன்று.

நான் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். டிரைவரின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொள்கிறாள். நல்லவள். "உங்க பேத்தி வாய்க்கு மட்டும் காய்ச்சல் இல்ல" என்று எனக்குக் கேட்கும்படி சொல்கிறாள்.

மதியம் கதவுக்கு அடியில் ஒரு சீட்டு வந்தது. "தாத்தா கதவ தொற." ஒரு வருஷம் பென்சிலைத் தொடாத கழுதை. நான் எழுதித் தள்ளினேன்: "முடியாது. சாப்பிட்டாயா?" பதில் வந்தது: "ம்." அப்புறம் இன்னொன்று. "நீ இருமாத. பயமா இருக்கு." அதற்கு ஒரு பூனை வரைந்து அனுப்பினேன்.

இருமல் கொஞ்சம் இருக்கிறது. மறைக்கவில்லை.

அப்பா


ஞாயிறு, 14ஆம் தேதி

அப்பா,

விடுப்புக் கேட்டிருக்கிறேன். டிரைவர் அண்ணனிடம் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாட்டி, வரும் எண்ணை எழுதி வையுங்கள். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள், அவர் வண்டியில் ஏறிவிடுங்கள்.

திட்டச் சொன்னீர்கள். நல்லபடியாக எழுந்து உட்காருங்கள், நேரில் திட்டுகிறேன்.

உங்கள் பாப்பா


திங்கள், 15ஆம் தேதி

என் பாப்பாவுக்கு,

இருவருக்கும் இருக்கிறதாம். அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கட்டிலில் குதிக்கிறாள். என் எண்கள்: 95, 95, 93, 91. 93 வந்தபோதே கூப்பிட்டிருக்க வேண்டும், அடுத்த எண்ணையும் பார்த்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். கடைசி எண்ணை எழுதிவிட்டு டிரைவரைக் கூப்பிட்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். விடுப்புக் கிடைத்து நீ மாலையில் இங்கே வந்துவிடுவாய், நான் உன் இடத்துக்குப் போகிறேன். வேலைக்கு ஆள் மாற்றிவிட்டோம்.

பள்ளியிலிருந்து புதுத் தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், மறுபடி திறக்கும்போது வேண்டுமாம். இதை ஒரே மூச்சில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். இடையில் நான்கு முறை மூச்சு வாங்கியது, அது வேறு. மூன்றாவது பத்தி அப்படியேதான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. கடிகாரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடம் உன்னுடையது. போடு என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அவள் அனுப்பிய சீட்டுகள் பதினொன்றையும் அதோடு வைத்திருக்கிறேன். அவற்றையும் படித்துவிட்டு முடிவு செய்.

பயமாக இருக்கிறது. போனில் என்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கீழே ஹாரன் அடிக்கிறார். உன் மருத்துவமனையிலும் ஒரு தாளை நீட்டுவார்களாம். நான் மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டுத்தான் போடுவேன். நேரமாகும். அவசரப்படுத்த வேண்டாம் என்று உன் தோழிகளிடம் சொல்லி வை.

அப்பா