கோட்டும் சால்வையும்

மார்ச் 4, செவ்வாய்

பொம்மைப்படக் கம்பெனியில் கூட்டித் துடைக்க வந்த என்னை இன்று நடிகையாக்கிவிட்டார்கள். படத்தில், பல வருஷம் பிரிந்திருந்த அக்காளும் தங்கையும் ரயிலடியில் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்களாம். அந்தப் பொம்மைகளின் உயரத்துக்குப் பொருந்துவது ஆபீசில் இரண்டே பேர். நான், அப்புறம் கணக்கு எழுதும் மேடம். எனக்குக் கோட்டு, அவருக்குச் சால்வை. நாங்கள் கட்டிப் பிடிப்பதை வீடியோ எடுத்து, துணி எங்கே மடிகிறது, எங்கே இழுக்கிறது என்று பார்த்து, கம்ப்யூட்டரில் அதேபோல் வரவைப்பார்கள். துணி வேலையைக் கவனிக்கும் வழுக்கைத் தலைக்காரர்தான் விளக்கினார்.

முகம் வராதா என்று கேட்டேன். "முகம் வேண்டாம்க்கா, கோட்டு போதும்" என்றார். என் மாமியார்கூட இவ்வளவு பட்டென்று சொன்னதில்லை.

மார்ச் 5, புதன்

கணக்கம்மா — மேடத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் — சிரித்து யாரும் பார்த்ததில்லை. குப்பைக்கூடையை நான் எடுக்க வந்தால் காலை நகர்த்துவார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். இன்று அவரைக் கட்டிப் பிடித்தேன். இஸ்திரிப் பலகையைப் பிடித்த மாதிரி இருந்தது. சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கும்வரை விடமாட்டேன் என்று காதில் சொன்னேன். இன்னும் விறைத்துப் போனார்.

துணிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அக்கா, நீங்க சிரிச்சா தோள் குலுங்குது, கோட்டும் குலுங்குது. பேசாம கட்டிப் பிடிங்க."

பேசாமலா? நானா?

மார்ச் 6, வியாழன்

மகன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தான். நடிகையாகிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். மீட்டிங் இருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான்.

மார்ச் 7, வெள்ளி

வாயை மூடிக்கொண்டு கட்டிப் பிடித்தேன். பேசாமல் இருந்தால் என்னென்னவோ தெரிகிறது. சால்வைக்குள்ளே அவர் மூச்சு விடுவது தெரிந்தது. கையை முதுகில் எங்கே வைப்பது என்று எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. போதும் என்று துணிக்காரர் சொன்ன பிறகும் அவர் கை என் கோட்டைப் பிடித்தபடியே இருந்தது.

பிறகு கை கழுவும் இடத்தில், கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "என்னைக் கடைசியா யாரு கட்டிப் பிடிச்சாங்கன்னு யோசிச்சேன். ஞாபகமே வரல."

வாய் நிறையக் கிண்டல் வந்தது. விழுங்கிவிட்டேன். குழாயை மூடினேன். அவர் போய்விட்டார்.

எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறதா? மகன் கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் — இல்லை. அன்று அவன் இரண்டு கையிலும் பெட்டி.

மார்ச் 11, செவ்வாய்

இன்று கம்பளிக் கோட்டு. நாளைக்குப் பருத்தியில் எடுத்துப் பாருங்களேன் என்று நானே கேட்டேன். ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு மாதிரி விழும் அல்லவா? துணிக்காரர் என் அக்கறையைப் பாராட்டினார். அக்கறையாம். இந்த வயதில் துணிக்காகவா அலைகிறேன்?

மார்ச் 17, திங்கள்

துணிக்காரர் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். துணி மட்டும் தெரியட்டும் என்று உடம்புகளை மறைத்து வைத்திருந்தார். ஆளில்லாத கோட்டு ஒன்று, ஆளில்லாத சால்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஓர் உடம்பின் மேல் ஒரு துணி என்றால் கம்ப்யூட்டர் சமாளித்துவிடுமாம். இரண்டு துணி நெருங்கி உரசினால் எது உள்ளே, எது வெளியே என்று தடுமாறுமாம். சால்வை கோட்டுக்குள் புகுந்து, முதுகு வழியாக வெளியே வந்து, பிய்த்துக்கொண்டு பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். அப்புறம் போய், காலையில் கூட்டிய மாடியை மறுபடியும் கூட்டினேன்.

மார்ச் 19, புதன்

கட்டிப் பிடிப்பதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சரி பண்ண நேரமில்லையாம். அக்காளும் தங்கையும் தள்ளி நின்று பார்த்துக்கொள்வார்கள், ரயில் வந்து மறைத்துவிடும். இனி வீடியோ இல்லை. கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

குப்பைக்கூடையை எடுத்தேன். காலை நகர்த்தினார். பழையபடி.

இப்படியே விட்டுவிடுவதா?

மார்ச் 21, வெள்ளி

கூடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "மேடம், ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா?"

என் முகத்தையே பார்த்தார். பின்னாலேயே கிண்டல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

"நிஜமாத்தான் கேக்குறீங்களா?"

"நிஜமாத்தான்."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். "எனக்குக் காரம் ஆகாது" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டில் நாற்காலி ஒன்றுதான் என்பது இன்று காலையில்தான் உறைத்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒன்று கேட்டேன். குடிவந்து இத்தனை வருஷத்தில் அந்த அம்மாவின் முகத்தை இன்றுதான் நேராகப் பார்க்கிறேன்.

கணக்கம்மா வந்தார். பேச்சு ஓடவில்லை. கிண்டல் இல்லாமல் எனக்குப் பேச வராது, அவருக்கு எப்படியும் வராது. காரமில்லாமல் சமைத்ததை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், இரவல் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

இப்போதுதான் பக்கத்து வீட்டம்மா நாற்காலி கேட்டு வந்தார். நாளைக்குத் தருகிறேன் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினேன்.