டோக்கன் இல்லாத பாப்பா

அரிசி டின்னைத் திறந்ததும் குப்பென்று சீதாப்பழ வாசனை அடித்தது. ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டிக்காரன் "ஏலகிரி பழம், ஏலகிரி பழம்" என்று கூவியதைக் கேட்டு, என் வீட்டுக்காரி அரை டஜன் வாங்கி வந்து, பழுக்கட்டும் என்று அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டு வாசலைத் தாண்டாத பழம் அது. உலைக்கு அரிசி எடுக்கப் போனவன், படியும் கையுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் இன்றைக்கு இருபதாவது நாள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். பத்தாவதையே இரண்டு தவணையாகப் பாஸ் செய்தவன். லீவு லெட்டர் ஒன்றுதான் சொந்தமாக எழுதுவேன், அதையும் பக்கத்து லேத்தில் நின்ற நீ வாங்கிப் பார்ப்பாய். "மாமே, உடல்நலக் குறைவுன்னு எழுதாதே. பெரிய வார்த்தை போட்டா சூப்பர்வைசர் டாக்டர் சீட்டு கேப்பாரு. வயித்து வலின்னு எழுது, நம்பிடுவாரு." இதையும் வயிற்று வலி என்றே வைத்துக்கொள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு லேத்துகளுக்குச் சந்தனம் வைத்து, பொரி கடலை கட்டி முடித்தால், அடுத்த சனி ஞாயிறு ஏலகிரி. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போய்விட்டு வந்துவிட வேண்டும் என்பது உன் கணக்கு. வாடகை பஸ், குடும்பம் குட்டிகள், இரண்டு அண்டா, ஒரு வாலிபால். வெள்ளானூர் ஏரிக்கரையை விட உயரமான எதிலும் ஏறியிராத எனக்கு, பதினாலு கொண்டை ஊசி வளைவும் குடலைப் புரட்டும். நீ எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் தேய்த்துவிட்டு, "பெரிய ஆம்பள, பாப்பாவப் பாரு, பாட்டுப் பாடிகினு வர்து" என்பாய். என் மகளுக்கு அப்போது எட்டு வயது.

மேலே போனால், சுற்றிலும் மலை நிற்க, நடுவில் சோற்றுத் தட்டுப் போல ஊர். காலையில் பனி ஏரி மேல் படுத்துக்கிடக்கும். நீங்கள் எல்லாரும் உச்சிப் பாறைக்கு ஏறுவீர்கள். நான் பாதி வழியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, "செருப்பெல்லாம் இங்கயே உட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்பேன். செருப்புக் காவலுக்கு மலை ஏறிய ஒரே மனிதன் நான்தான்.

மாலையில் ஊர்க்காரர்களோடு வாலிபால். அந்த ஊர் வழக்கமே தனி. தோற்றவர்களுக்குத்தான் பரிசு, ஒரு தார் வாழை. "ஜெயிச்சவனுக்கு சந்தோஷம் இருக்குது, தோத்தவனுக்குத்தான் எதாவது கையில கொடுக்கணும்" என்று ஊர்ப் பெரியவர் சொல்வார். நாம் ஒரு வருஷம் கூட வெறுங்கையோடு திரும்பியதில்லை. மறுநாள் களத்தில் சாமை அடிப்பார்கள். ஊரே கூடிச் சமைக்கும், நமக்கும் அதில் இலை உண்டு.

அந்த வருஷம் எனக்குப் பதவி ஆசை வந்தது. எண்பத்தாறோ, எண்பத்தேழோ. "எல்லாத்தையும் நீயே பாக்கறே, எனக்கும் ஒரு வேலை குடு" என்று நச்சரித்தேன். நீ விசிலையும் பேர் எழுதிய தாளையும் என் கையில் கொடுத்து, "தலை எண்றது உன் வேலை. எல்லாம் ஏறிட்டாங்களான்னு பாத்துட்டு விசில் அடி, வண்டிய எடுக்கச் சொல்றேன்" என்றாய். நீ ஒவ்வொரு வருஷமும் சீட் சீட்டாகப் போய், ஒவ்வொரு தலையிலும் கை வைத்து எண்ணுவாய். எனக்கு அது படிக்காதவன் வேலையாகப் பட்டது. கம்பெனி கேட்டில் செய்கிற மாதிரி செய்தால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு, கம்பெனியில் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த டோக்கன் நம்பரைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

"நூத்திப் பன்னெண்டு!"

"கீறேன்!"

"நூத்தி நாப்பது!"

"கீறேன்பா, இன்னா, இங்கயும் கார்டு பஞ்ச் பண்ணணுமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் மிடுக்காகக் கூப்பிட்டு முடித்தேன். இருபத்தாறு டோக்கன், இருபத்தாறும் ஆஜர். விசில் அடித்தேன். பஸ் கிளம்பியது. பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் டோக்கன் கிடையாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பாப்பா முன்னால் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு இருக்கிறாள் என்று அவள் அம்மா நினைத்தாள்.

ஆறாவது வளைவில் நீ எழுந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சீதாப்பழம் கொடுத்துக்கொண்டு வந்தாய். கடைசி சீட்டு வரை போனாய். உன் கையில் ஒரு பழம் மீந்தது. அதைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"மாமே, பாப்பா எங்க?"

அதற்கப்புறம் அந்த பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தை எழுத எனக்குக் கை வராது. இறக்கத்தில் பஸ்ஸைத் திருப்ப முடியாது, அடிவாரத்துக்குப் போய்த்தான் நிறுத்த முடியும் என்றார் டிரைவர். நீ என்னைப் பிடித்து இறக்கினாய். மேலே போகிற செங்கல் லாரியை மறித்தாய். கல் மேல் உட்கார்ந்து ஏறினோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் எண்ணினேன் மாமே. சரியா எண்ணினேன்" என்றேன்.

"எண்ணினே. டோக்கனை எண்ணினே." அதட்டவில்லை நீ. இரண்டு வளைவு தாண்டி, "இன்னா நான் சொல்றதக் கேளு. டோக்கன் உன் பொறுப்பு, பசங்க என் பொறுப்பு. நான்தான் மறந்துட்டேன். புரிதா?" என்றாய்.

"எதுக்கு?"

"நீ தங்கச்சியோட ஆயுசுக்கும் ஒரே ஊட்ல இருக்கணும். இது அங்க ஆறாது. எனக்கு இன்னா, ரெண்டு நாள் மூஞ்சியத் திருப்பிக்கும், அவ்ளோதான்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். செங்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குள் நுழையும்போதே கோயில் மணிச் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்குக் கேட்காதா என்று நாலைந்து பேர் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா களத்து ஓரத்தில் பெண்கள் நடுவே, ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதது நான்தான். ஊர்ப் பெரியவர் என் முதுகைத் தட்டி, "புள்ளையே தெம்பா இருக்குது, நீ எதுக்குப்பா?" என்றார்.

"ஏன் பாப்பா பஸ்ல ஏறல?" என்று கேட்டேன்.

"நம்பர் கூப்டாதான ஏறணும் நைனா? பின்னாடி படிக்கட்டுகிட்டயே நின்னுகினு இருந்தேன். என்னியக் கூப்டவே இல்ல. சரி, இன்னும் நேரம் இருக்குன்னு குட்டியப் பாக்க வந்துட்டேன்."

நீ அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாய். நான் பின்னால் நடந்தேன்.

கல்லை இறக்கிவிட்டுத் திரும்பிய அதே லாரியில் அடிவாரத்துக்கு வந்து இறங்கியதும், நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் வீட்டுக்காரியிடம் பேசிவிட்டாய். "தங்கச்சி, தப்பு என்னுது. பசங்கள நான் எண்றேன்னு அவங்கிட்ட சொல்லிட்டு மறந்துட்டேன்." அவள் உன்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவமானத்தில் குனிந்தேன் என்று பஸ்ஸில் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நினைத்தது சரிதான், காரணம்தான் வேறு.

இரண்டு நாள் என்று நீ போட்ட கணக்கு தப்பு. அவள் சீதாப்பழத்தை நிறுத்தினாள், டூரை நிறுத்தினாள், நீ வீட்டுக்கு வந்தால் அடுப்படியை விட்டு வெளியே வருவதை நிறுத்தினாள். பிறகு நீயே வருவதை நிறுத்திக்கொண்டாய். நாம் தெருமுனை டீக்கடையில் பார்த்துக்கொள்வோம். "இன்னிக்கு சொல்லிடறேன்" என்று நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வேன். "உடு மாமே, நல்லாத்தானே ஓடிகினு கீது?" என்பாய். எனக்கும் அந்த பதில்தான் வேண்டியிருந்தது. பாப்பா வயதுக்கு வந்தபோது உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவள் பன்னிரண்டாவது பாஸ் செய்தபோது தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள், உன்னை டீக்கடையில் பார்த்து எனக்குத் தெரியாமல் உனக்கும் ஒன்று கொடுத்தாளாம். நீதான் சொன்னாய், காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரி, "நீ மட்டும் போய்ட்டு வா. செத்தவர ஒண்ணும் சொல்லக் கூடாது, ஆனா எனக்கு மனசு வரல" என்றாள். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தானில் சொல்லிவிட்டேன். முழுசாக, டோக்கனிலிருந்து செங்கல் லாரி வரை.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த அண்ணன் நாலு தபா என் எதுர்ல வந்து நின்னாரு. நாலு தபாவும் நான் அந்தாண்ட திரும்பிகினேன்" என்றாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து வேறு புடவை கட்டிக்கொண்டாள்.

குத்தம்பாக்கத்தில் உன் வீட்டில் கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், அவள் உன் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். "அண்ணி, அன்னிக்குப் பாப்பாவ உட்டுட்டு வந்தது இவரு. உங்க ஊட்டுக்காரர் இல்ல."

அண்ணிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். "இன்னா தம்பி சொல்லுது இது?"

"ஆமாம் அண்ணி. நான்தான்."

"அந்த தபா நான் டூருக்கு வரல. எங்கிட்டயும் அவரு அதத்தானே சொன்னாரு, பசங்கள எண்ண மறந்துட்டேன்னு. எத்தினி வருசம் குத்திக் காட்டிகீறேன் தெரியுமா? எங்க போனாலும், நீ சும்மா இருய்யா, கொயந்தைய மலையில உட்டுட்டு வந்த ஆளுன்னு. கடைசி நாள் வரைக்கும்னு வச்சிக்கோயேன்."

என் வீட்டில் மட்டும்தான் உன் பேர் கெட்டிருக்கிறது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டிலும் நீ அதைத்தான் சொல்லியிருக்கிறாய் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சொந்தப் பெண்டாட்டியிடம் கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அண்ணி எழுந்தார்கள். என்னைத்தான் திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன், மனசார வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய், மாலை போட்ட உன் படத்துக்கு எதிரில் நின்றார்கள். "யோவ், எங்கிட்டயாவது சொல்லக் கூடாதாய்யா? வாய் இல்ல உனக்கு?" என்று தொண்டை கட்டும் வரை உன்னைத் திட்டினார்கள். என் வீட்டுக்காரி அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தத் திட்டு என்னுடையது மாமே. அதையும் நீயே வாங்கிக்கொண்டாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.