அறுபதாவது கட்டம்

அன்புள்ள முசுட்டுத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. மூன்று கடிதத்தில் கேட்டாயிற்று, நீ வாயைத் திறக்கவில்லை. போட்ட கடிதம் எதுவும் திரும்பி வராததால் அந்தச் சுரங்கப்பாதை கேம்பில் நீ கம்பி இழுத்துக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறோம். மின்னஞ்சலைத் திறப்பதில்லை என்று சபதம் போட்டிருப்பவன் காகிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படி. இதில் புலம்பல் கிடையாது. ஜெயித்த கதை.

முதலில் சில்லறைச் செய்திகள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, அதனால் என் தலையில் நரை தெரிகிறதாம், தினமும் எண்ணிச் சொல்கிறாள். சர்வீஸ் சென்டரில் என்னைத் தலைமை மெக்கானிக் ஆக்கிவிட்டார்கள். ஊரில் உள்ள பிரிண்டர் எல்லாம் என் கையால்தான் திறக்கப்பட வேண்டும் என்று விதி போலிருக்கிறது. உன் அறையை நான் பிடித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே, உன் கணினிக்காகத்தான்.

அன்று அப்பாவின் அலுவலகத்தில் நடந்ததை நாம் இருவரும் பேசவே இல்லை. நானே சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. அலுவலகத்தில் எல்லாக் கணினியையும் அந்தத் திறந்த மூல இயங்குதளத்துக்கு மாற்றினார்கள். கண் தெரியாத அப்பாவின் விரலுக்குத் திரையில் உள்ள வரியை ஊசிப் புள்ளிகளாக எழுப்பித் தரும் பிரெய்ல் பட்டையோ, செய்த கம்பெனியே மூடிப்போன பழைய சாமான். அதைப் புதுக் கணினியோடு பேசவைக்க இயங்குதளத்தின் கருவான கெர்னலில் டிரைவர் என்கிற நிரல் கிடையாது. நீ மூன்று மாதம் உட்கார்ந்து எண்ணூறு வரி எழுதினாய். வீட்டில் ஓடியது. அதிகாரிகள் முன்னால் முதல் வரியாக அலுவலகத்தின் பெயரைப் போட்டார்கள், பட்டையில் ஒரு ஊசிகூட எழவில்லை. உன் மானத்தைக் காப்பாற்ற அப்பா வெறும் பட்டையைத் தடவிக்கொண்டே அலுவலகப் பெயரை மனப்பாடமாக ஒப்பித்தார். தலைமை அலுவலரான அந்த அம்மா சும்மா இருக்காமல் வேறு வரியைப் போட, அப்பா குத்துமதிப்பாக "காலை வணக்கம்" என்றார். சிரித்துவிட்டார்கள். அந்த வாரமே நீ பெட்டியைக் கட்டினாய்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பழைய கணினி ஒன்றை அப்பாவுக்காக இந்த மாதக் கடைசி வரை விட்டுவைப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வரவேற்பறையில் தொலைபேசி எடுக்கும் நாற்காலி. இருபத்தாறு வருடம் விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தடவித் திருத்திய மனிதர், இனி "கொஞ்சம் இருங்க, இணைப்புத் தரேன்" என்று சொல்லிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் சாப்பாடு பாதியானது. எனக்கு ஆத்திரம், உன் மேலும்தான். ஒரு தடவை நின்றுபோனதற்கு ஓடிப்போகிறவன் என்ன மெக்கானிக் என்று திட்டிக்கொண்டே உன் நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்பாவைத் தினமும் உன் கணினியில் செய்தித்தாள் படிக்க உட்காரவைத்தேன். சர்வீஸ் சென்டரில் இருந்து யுஎஸ்பி கம்பியில் ஓடுவதைப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து இடையில் செருகினேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியோடு உள்ளே நுழைகிறேன், அப்பா படித்துக்கொண்டே கையை நீட்டி, கம்பியைப் பிடுங்கித் திரும்பச் செருகுகிறார். காதைச் சொறிகிற மாதிரி அவ்வளவு இயல்பாக!

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, அப்பப்ப கொஞ்சம் மக்கர் பண்ணும். புடுங்கிச் சொருகினா சரியாயிடும்" என்றார். எத்தனை நாளாக என்றேன். காபிக்குக் கையை நீட்டினார். காபியை எட்டத்தில் வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். "தம்பி இங்க இருந்தப்பவே அப்படித்தான். வாரத்துல மூணு நாலு தடவ நிக்கும். புள்ள கண்ணுல தூக்கமே இல்லாம உழைக்கிறான், இதப் போயி ஒரு குறையா சொல்லணுமான்னு விட்டுட்டேன்" என்றார்.

தம்பி, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நீ எழுதிச் சோதித்த காலமெல்லாம் உன் டிரைவர் நின்று நின்று ஓடியிருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் அவரே கம்பியைப் பிடுங்கிச் செருகியிருக்கிறார். நீ பிழையே இல்லை என்று நம்பி அந்த அறைக்குள் நுழைந்தாய். நான் கத்திய கத்தலில் அம்மா ஓடிவந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்கு அங்கயும் புடுங்கிச் சொருகியிருக்கலாம். பயத்துல கை வரல" என்றார். அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை.

இனிமேல் நின்றால் கம்பியைத் தொடக் கூடாது, என்னைக் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். இரண்டு வாரத்தில் பதினோரு முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் பட்டைக்கு வந்திருக்க வேண்டிய வரியைத் திரையில் பார்த்து, அம்மாவின் கட்டம் போட்ட நோட்டில், ஒரு பிரெய்ல் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று எழுதிவைத்தேன். ஒரு வரி மழைச் செய்தி, ஒரு வரி மரண அறிவிப்பு, ஒன்று சமையல் குறிப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் பக்கத்தை நிமிர்த்திப் பார்த்தால், பதினோரு வரியும் ஒரே கட்டத்தில் முடிந்திருந்தன. அறுபதாவது கட்டம். பன்னிரண்டாவது வரியாக அப்பாவின் அலுவலகப் பெயரை எழுதினேன். அதுவும் அறுபதில் போய் நின்றது! உன் அறையில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன், அப்படியே அழுதும்விட்டேன்.

இந்நேரம் உனக்கு விளங்கியிருக்கும், இருந்தாலும் சொல்லிக்கொள்கிற சுகம் எனக்கு வேண்டும். அந்தப் பட்டை ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று, ஒரு பாக்கெட்டுக்கு அறுபத்து நான்கு பைட்டாக வாங்கும். குறைவாக வந்தால் வரி முடிந்தது என்று புரிந்துகொண்டு ஊசிகளை எழுப்பும். முழுதாக அறுபத்து நான்கு வந்தால், இன்னும் பாக்கி வருகிறது என்று காத்திருக்கும். நீ முன்னால் சேர்க்கிற தலைப்பு நான்கு பைட், அதோடு எழுத்து அறுபது என்றால் கணக்கு நேராகிவிடுகிறது. நீ எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாய். அது இன்னும் வரும் என்று உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் முடிந்தது என்று தெரிவிக்க ஒரு காலி பாக்கெட் அனுப்ப வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லாத பாக்கெட். நீ எழுதிய எண்ணூறு வரியோடு நான் சேர்த்தது ஒரே ஒரு வரிதான்.

கெர்னலைப் பார்த்துக்கொள்கிறவர்களின் மின்மடல் குழுவுக்கு அனுப்பினேன். வருவதையெல்லாம் வெட்டித் தள்ளுகிறார் என்று நாம் கத்திரிக்கோல் என்று பெயர் வைத்தோமே, அந்தப் பராமரிப்பாளர், முதல் தடவை டேப் விசையால் விட வேண்டிய இடைவெளியை ஸ்பேஸ் விசையால் விட்டிருக்கிறேன் என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை, என்ன செய்தாய் என்பது நிரலிலேயே தெரிகிறது, ஏன் செய்தாய் என்பதை விளக்கத்தில் எழுது என்றார். எழுதினேன், அப்பா கம்பி பிடுங்கியது உட்பட. மூன்றாம் தடவை மறுநாளே பதில் வந்தது: "சேர்த்துக்கொண்டேன். நன்றி." கீழே இன்னொரு வரி. "முதலில் எழுதியவர் எங்கே போனார்? சுத்தமான நிரல், அவரிடம் சொல்லுங்கள்." கத்திரிக்கோலின் வாயிலிருந்து தம்பி! சொல்லிவிட்டேன், அச்சடித்தும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

கெர்னல் வழக்கப்படி எல்லார் பெயரும் அதன் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. எழுதியவர் நீ. நீ போன வருடமே உன் கையொப்ப வரியோடு அனுப்பியிருந்ததால் அதை யாராலும் அசைக்க முடியாது. திருத்தம் நான். பிழையைத் தெரிவித்தவர் அப்பா, சோதித்துப் பார்த்தவரும் அப்பா. பெயர் போடலாமா என்று கேட்டபோது, "எத்தன வருசம் இருக்கும்?" என்றார். அழிக்கவே மாட்டார்கள் என்றேன். "புகார் சொன்னதுக்கு இவ்ளோ மரியாதையா? தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே" என்கிறார். நல்லா கேட்டுக்கோ!

இந்தத் திங்கட்கிழமை மறுபடி அதே அறை, அதே மேசை, அதே ஐந்து பேர். முதலில் அலுவலகப் பெயரைப் போடுங்கள் என்று அப்பாவே கேட்டார். எண்டரைத் தட்டியதும் சரசரவென்று அறுபது எழுத்தும் எழுந்து நின்றன. வாசித்தார். போன தடவை ஒப்பித்தவராயிற்றே, யாரும் நம்பவில்லை. தலைமை அலுவலர் அம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஏதோ தட்டினார். அப்பா விரலை ஓட்டி, "இந்த அறையில் ஏசி வேலை செய்யவில்லை" என்று வாசித்துவிட்டு, "அது படிக்காமலே தெரியுது மேடம்" என்றார். இந்த முறையும் சிரித்தார்கள். அந்த அம்மா எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டச்சு நாற்காலி இனியும் அப்பாவுடையதுதான். பழைய கணினியை நேற்றுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "அவன் இருந்து பாத்திருக்கணும்" என்றார். ஒன்பது மாதத்தில் யாரும் கேட்காமல் அவராகவே உன்னைப் பற்றிச் சொன்ன முதல் பேச்சு. உனக்குக் கோபம் என்று அவர் நினைக்கிறார், அவருக்குக் கோபம் என்று நீ நினைக்கிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டேன், அங்கே கோபம் ஒன்றும் ஓடவில்லை.

வந்துவிடு என்று கட்டளை போட மாட்டேன். நீண்ட கடிதம் எழுது என்றும் கேட்க மாட்டேன், உனக்கு அது வராது. இத்துடன் நம் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் அப்பா உன் பெயரைப் புள்ளியாகக் குத்தியிருக்கிறார், கதவடியில் விழுந்தால் யாருடையது என்று விரலுக்கே தெரியட்டும் என்று. உள்ளே எதுவும் வைக்க வேண்டாம். காலியாகவே ஒட்டித் தபாலில் போடு. அப்பாவுக்குப் புரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணா. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

என்றும் உன் மேல் பாசமும் கொஞ்சம் கடுப்பும் உள்ள,
அக்கா