பக்கவாசல் படி

கீழ் டிவிசன்,
பெல்மதுளை.
ஞாயிறு

அன்பு மகள் நிரோஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் சுகம், குளிர் நாட்டில் நீயும் சுகமாயிருக்க தினமும் செபமாலை சொல்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்துவிட்டது, எனக்குத்தான் வயிறு எரிகிறது, ஏனென்று கேள். டவுன் மாதா கோயிலுக்கு நூற்றிருபத்தைந்தாவது வருசமாம், சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கிறார்கள். நல்லது, மணிக்கூண்டு ஒழுகாத மழையில்லை. ஆனால் பக்கவாசலைக் கல் வைத்து மூடப் போகிறார்களாம்! வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் முன்வாசல் அவர்களுக்கு, தோட்டத்து ஆட்களுக்குப் பக்கவாசல், உள்ளே போனாலும் பெஞ்சு கிடையாது, தரைதான். துரைமார் போய் இத்தனை வருசமாகியும் பழக்கத்தில் நாம் அந்த வழியாகத்தானே போகிறோம். அந்த இடத்தில் இனி சரித்திரப் பலகையாம். அதில், ஆரம்பத்திலிருந்தே எல்லாரும் ஒரே வாசலால் வந்து ஒன்றாகக் கும்பிட்டார்களாம், தோட்டத்து ஆட்கள் பெருநாளைக்கு மட்டும் நாலைந்து பேர் வருவார்களாம். கமிட்டி செக்ரட்டரி வாசித்துக் காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பொய்யை எழுதி மாதா வீட்டுச் சுவரிலேயே மாட்டுவதா?

அதைவிடக் கொடுமை, மூடுகிற வேலையை உன் அப்பாவிடமே கொடுத்தார்கள். மேசன் பாஸ் என்று மரியாதையாகக் கூப்பிட்டதும் இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாள் சோறு மட்டும் வைத்தேன், பேசவில்லை. புதன்கிழமை அளவெடுக்கப் போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார். பக்கவாசல் கருங்கல் படி நடுவில் நாலு விரல் ஆழம் தேய்ந்து கிடக்கிறதாம், முன்வாசல் படியும் அதே கல்தான், அதே வயசுதான், அதன் விளிம்பு இன்னும் கையை அறுக்கிறதாம். “நாலஞ்சு பேரு மிதிச்சா இப்புடி தேயுமா புள்ள, என் கையால மூட மாட்டேன்” என்றார். முப்பது வருசம் ஏறி இறங்கியும் பார்க்காத மனுசன்! சாமியாரிடம் போய்ச் சொன்னோம். முன்வாசல் எல்லாருக்கும் திறந்துதானே இருக்கிறது, பழைய அவமானம் எதற்கு என்கிறார். அவமானம் ஒதுக்கி வைத்தவர்களுக்கு, எங்களுக்கு என்ன வெட்கம் என்று கேட்டுவிட்டேன்.

நாளைக்கு வேறு மேசன் பாஸ் வருகிறான். கொழுந்து பறிக்கப் போகாமல் நாங்கள் பதினாறு பெண்கள் அந்தப் படியில் உட்காரப் போகிறோம், உன் அப்பாவும்தான். நீ பயப்படாதே, தலைக்குக் கம்பளித் தொப்பி போடாமல் வேலைக்குப் போகாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். லீவில் வரும்போது முன்வாசலால் நிமிர்ந்தே போ மகளே, பக்கவாசல் இருந்தால்தான் அந்த நிமிர்வுக்கு அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா
செபமாலையம்மா