ஒன்பதாவது சிப்

இன்று காலை உன் மெமறித் தட்டு என் மகளின் விளையாட்டுச் சாமான்களுக்குள் கிடந்தது. விரல் நீளப் பச்சைத் தகடு. அதில் வரிசையாகக் கறுப்புச் சிப்புகள். அதைத் தரையில் தள்ளிக்கொண்டு, "அம்மா, ஒன்பது பெட்டிக் கோச்சி" என்றாள். ஐந்து வயது. றெயில் ஓடி அவள் பார்த்ததில்லை, கோச்சியைக் கதையில்தான் கேட்டிருக்கிறாள். நீ போய் மூன்று வருடமாக ஒரு வரியும் எழுதாத நான், அவள் எண்ணியதைக் கேட்ட பிறகுதான் பேனையை எடுத்தேன்.

மானிப்பாயில் நம் கந்தோரின் பின்னறையில் நீயும் நானும் இரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், முகவரி, இரத்த வகை எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மூன்று மெசின்கள், மூன்றுக்கும் பட்டியலை எடுத்துக் கொடுக்க ஒரு சேர்வர். பட்டியல் பெருகச் சேர்வர் திணறியது. ஒரு பெயரைக் கேட்டால் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடியும்வரை பதில் வராது. மெமறி கூட்ட வேண்டியிருந்தது.

கொழும்புக் கடையில் இரண்டு வகை இருந்தன. எட்டுச் சிப் உள்ளதில் எட்டுத் தட்டுகள். ஒன்பது சிப் உள்ளதில் நாலே நாலு. முதல் வகையைப் போட்டால் மெமறி இரண்டு மடங்கு, ஆனால் சேர்வரின் சரிபார்ப்பை நிறுத்திவிட வேண்டும். ஒன்பதாவது சிப் இருப்பதே அந்தச் சரிபார்ப்புக்குத்தான். மற்ற எட்டும் வைத்திருப்பதில் ஒரு புள்ளி பிசகினாலும் மெசின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிழையைத் திருத்தாது, நிற்கும்.

எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். நாள் முழுக்கக் கதிரையில் இருந்தே இடுப்பு நொந்தது. எனக்கு வேகம்தான் வேண்டும்.

"எடி, ஒரு வேலையும் செய்யாத ஒண்டுக்காகப் பாதி மெமறியை ஆர் விடுவினம்? உனக்கு விசரே?" என்றேன்.

"வேலை செய்யாததோ? அது உன்ரை மாமி மாதிரி. ஒரு மூலையிலை இருந்துகொண்டே எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கும்."

பொறுப்பாளர் ஐயாவுக்கும் சிரிப்பு. "ஓடினால் சரிதானே, பிள்ளை?"

"பிழையாய் ஓடுறதிலும் நிக்கிறது நல்லம், ஐயா."

சட்டைக்கு நூல் எடுக்க ஆள் அனுப்பும்போது துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிடுவோமே, நீயும் அப்படித்தான் செய்தாய். பழுதான பழைய தட்டொன்றைச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றி, கொழும்புக்குப் புறப்பட்ட என் மாமாவிடம் கொடுத்தாய். "கடைக்காரன் என்ன சொன்னாலும் ஒன்பது இருக்கோ எண்டு எண்ணிப்போட்டு வாங்குங்கோ, மாமா." மாமா றெயில் முழுக்க எண்ணிக்கொண்டே போனாராம்.

எட்டாம் மாதம் எனக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ஓ நெகற்றிவ். ஆஸ்பத்திரியில் கைவசம் இல்லை. உன்னிடம் ஆள் அனுப்பினார்கள். நீ பட்டியலைக் கேட்ட அந்த நிமிடம் சேர்வர் நின்றுவிட்டது. திரையில் ஒற்றை வரி: மெமறியில் பிழை. ஐயா கத்தினாராம். "உன்ரை காவல்காரனுக்கு இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சுதோ? அங்கை அந்தப் பிள்ளை சாகப்போகுது!"

நீ, நாம் முன்பு பெயர்களை எழுதி வைத்த பழைய கடதாசி அட்டைகளை நிலத்தில் கொட்டித் தேடி, சைக்கிளில் சண்டிலிப்பாய்க்கு ஓடினாய். புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண் காய்ந்த காலோடு உன் பின்னால் வந்தார். அவரால்தான் நானும் மகளும் இருக்கிறோம்.

ஒரு கிழமை கழித்து, சேர்வரை நிறுத்திய தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் கட்டிலடிக்கு வந்தாய். பட்டியலில் இடம் மிச்சம் பிடிக்க, நெகற்றிவுக்குச் சைபர், பொசிற்றிவுக்கு ஒன்று என்று வைத்தவள் நான். சைபர் ஒன்றாக மாற ஒரேயொரு புள்ளி பிசகினால் போதும். ஒன்று சைபராகவும் அப்படித்தான். எது பிசகியது என்று உனக்கும் தெரியாது. சோதித்துத்தான் இரத்தம் ஏற்றுவார்கள். ஆனால் எட்டுச் சிப் தட்டு நிற்காமல் பிழையான பெயரைக் கொடுத்திருந்தால், அந்த ஆளைத் தேடித் தூரத்துக் கரவெட்டிவரை போய்த் திரும்ப அன்று எனக்கு நேரம் இருந்திருக்காது.

தட்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். நகத்தளவு கறுப்புத் துண்டு. தான் வைத்திருப்பது உண்மையில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை படித்த எனக்கு அது எத்தனை தரம் தெரியாமல் போயிருக்கிறது?

"அது கெட்டித்தனமில்லையடி," என்றாய். "ஆர் ஏசினாலும் வெக்கப்படாமல் நிண்டுது. அவ்வளவுதான்."

பிறகு சண்டை மூண்டு, கோச்சியும் கரண்டும் நின்றன. சேர்வரைச் சாக்கால் மூடினோம். அடுத்த வருடம் உனக்கு மலேரியா, மருந்து வரவில்லை. நான் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, "நான் எழும்புவனோடி?" என்று கேட்டாய். "ஓம், எழும்புவாய்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். எதிரில் இருப்பது பிழையிலும் நிற்காத எட்டுச் சிப் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்புத்தான் இத்தனை நாளும் என்னை எழுத விடவில்லை.

இன்று மத்தியானம் குண்டு போடும் பொம்பர் இரண்டு தரம் சுற்றிவிட்டுப் போனது. பங்கர்க் குழிக்குள்ளிருந்து வெளியே வந்ததும் மகள் கேட்டாள், "அம்மா, திரும்ப வருமோ?" எப்போதும் "வராது" என்பேன். அவளும் நம்பாமல் தலையாட்டுவாள். இன்று வாய் வரை வந்த சொல்லை நிறுத்தினேன்.

"தெரியாது, பிள்ளை."

அவள் அழவில்லை.

"அப்ப ஓடுறதுக்குச் செருப்பைக் கழட்டாமல் படுக்கட்டோ?"

"ஓம்" என்று குனிந்து, அவளுடைய செருப்பின் வாரைப் பூட்டிவிட்டேன்.