கட்டிங் அத்தை தனியாகக் கிடந்த இரண்டு நாள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது முழுப் பொய்யாகிவிடும், அதனால் உடம்பு தேவலாம், மனசுதான் சரியில்லை என்று எழுதுகிறேன். நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

கட்டிங் அத்தை போய்விட்டாள் கண்ணு. போனில் சொல்ல வாய் வரவில்லை. தையல் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் அவள் துணி வெட்டுவாள், நான் தைப்பேன், அயர்ன் பெரியம்மா தேய்ப்பாள், மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். உன் அப்பா போனபோது என்னை அதட்டி ஒரு வாய் சாப்பிட வைத்தவள் அவள்தான். போன வருஷம் அவள் மகள் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனதிலிருந்து ஆளே மாறிவிட்டாள், சாயங்காலம் பூங்காவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால், "என்னை என் பாட்டுக்கு விடுங்கடி" என்பாள். ரோஷக்காரி, போய் நின்றால் கோபப்படுவாள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். உண்மையைச் சொன்னால், நமக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டோம். மூன்று வாரத்துக்கு முன்னால், அவள் வாசலில் இரண்டு நாள் பால் எடுக்காமல் கிடக்கிறது என்று பால்காரர் வந்து சொன்னார். தாழ்ப்பாளை உடைத்துப் போனால் குளியலறையில் விழுந்து கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்திக் கத்திப் பாத்தேன்டி, உன் பேரைத்தான் கத்தினேன்" என்றாள். நான் இரண்டு தெரு தள்ளி டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாலாம் நாள் போய்விட்டாள். விழுந்த அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் எனக்கும் பிரஷர் ஏறிப் படுத்துவிட்டேன். பெரியம்மா மூட்டு வலியோடு தினமும் மாடியேறி வந்து, "இருக்கியா, போயிட்டியா?" என்று கதவைத் தட்டுகிறாள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அவள் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து மாத்திரையே போடுகிறேன். கொஞ்சம் அழுவோம், பிறகு சூப்பர்வைசர் பேன்ட்டில் ஒரு காலை மட்டும் கட்டிங் அத்தை குட்டையாக வெட்டிக் கொடுத்ததைச் சொல்லிச் சிரிப்போம். சிரித்த பிறகு ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி இருக்கும். பிரஷர் இறங்கியிருக்கிறது, மாத்திரையாலா பெரியம்மாவாலா தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கட்டிங் அத்தை மாதிரியே பேசினாய். கூட வேலை செய்கிறவர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை, எனக்கு யாரும் வேண்டாம் என்றாய். அடுத்த தடவை கூப்பிட்டால் போ. பேச்சு வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வா.

நோய்நொடி இல்லாமல், நாலு மனுஷர்களோடு நூறு வருஷம் இரு. அங்கே உன்னைக் காணோம் என்று தேடி வரக்கூடிய ஒருவருடைய போன் நம்பரை மறக்காமல் எனக்கு அனுப்பு. அப்படி யாரும் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா